திரைச்சீலை வராத முகாம்

ரோப்லேயை யாரும் ரோப்லே என்று கூப்பிடுவதில்லை. எங்கள் ஜிபூட்டியில் உடம்பில் எது துருத்திக்கொண்டிருக்கிறதோ அதுதான் ஒருவனுக்குப் பெயர். என் பெயர் கழுத்து. முகாம் அதிகாரிகளுக்கு ஏழு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் துவாலேயின் பெயர் தங்கப்பல். நேரில் மட்டும் ஹாஜியார். ரோப்லேயின் உடம்பில் குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லை. நடுத்தர உயரம், நடுத்தர மூக்கு, இருக்க வேண்டிய இடத்தில் காது. நாற்பது வயதுவரை பட்டப்பெயர் இல்லாமல் திரிந்தார். பிறகு அவர் துணி வெளுத்த இரண்டாவது ராணுவ முகாமும் மூடப்பட்டது. பூட்டு என்று வைத்தார்கள். ஒட்டிக்கொண்டது.

நான் மொழிபெயர்ப்பாளன். எந்த நாட்டுப் படையின் பெயரையும் வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் ஊர் வைத்த பெயர்களையே சொல்கிறேன். ஊரில் படைகளுக்கும் பட்டப்பெயர் உண்டு.

ரோப்லே முதலில் வேலை பார்த்தது பாட்டுக்காரர்களிடம். காலையில் ஓடும்போதும் பாடுவார்கள், கழிவறை கழுவும்போதும் பாடுவார்கள். வளைகுடாவில் ஓர் அரசர் இடமும் கொடுத்து, குளிர்சாதனமும் மாட்டிக் கொடுத்தார். பாடிக்கொண்டே போய்விட்டார்கள். இரண்டாவது, கறுப்புக் கண்ணாடிக்காரர்கள். அவர்கள் நாட்டில் தேர்தல் வந்தது. நம் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டி வருவேன் என்று சொன்னவர் ஜெயித்தார். கூட்டிப் போனார். ஒரு மாதம் வீட்டில் வைத்திருந்துவிட்டு வேறு நாட்டுக்கு அனுப்பினார். மூன்றாவது முகாம் ஏன் போனது என்று அவர்களுக்கே தெரியவில்லை. போகும் நாளில் அவர்களுடைய மேஜர் என்னிடம் கேட்டார், உனக்கு ஏதாவது தெரியுமா என்று.

இந்த மூன்றிலும் பிறருக்கு முன்பே தெரிந்தவர் ரோப்லேதான். காரணம் திரைச்சீலை.

சீருடை தினமும் சலவைக்கு வரும். படுக்கை விரிப்பு வாரம் ஒருமுறை. திரைச்சீலை வருடத்துக்கு ஒருமுறை, கம்சீன் காற்று மணலை அள்ளிக்கொண்டு வருவதற்கு முன்னால். மூடப்போகிற முகாம் முதலில் திரைச்சீலையை அனுப்புவதை நிறுத்தும். அப்படி எவரும் உத்தரவு போடுவதில்லை. காலி செய்யப்போகிற வீட்டின் திரையை யார் வெளுப்பார்கள்? தளபதிக்குத் தெரிவதற்கு மூன்று மாதம் முன்பே ரோப்லேயின் கல்தொட்டிக்குத் தெரிந்துவிடும்.

நல்ல மனசு. வீடு விட்டிருப்பவர்கள், ரொட்டி போடுகிறவர்கள் முன்கூட்டி ஏற்பாடு செய்துகொள்ளட்டும் என்று மூன்று முறையும் வந்து சொன்னார். மூன்று முறையும் நடந்தது. மழை வரும் என்று சொன்னவன்தான் மழையைக் கூட்டி வந்தான் என்று ஊர் முடிவு செய்தது.

இப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. நான்காவதாக உரிமூக்கர்களிடம் வேலை. வெயிலில் எந்நேரமும் மூக்கு தோலுரிந்துகொண்டிருக்கும் தொண்ணூறு பேர். குளிர்ப்பிரதேசத்துச் சின்ன நாடு. கடற்கொள்ளைக்காரர்களைப் பிடிக்க வந்தவர்கள். இந்த வேலையும் போனால் ஐந்தாவது முகாமில் பூட்டை உள்ளே விட யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இந்த வருடம் கம்சீன் காற்று வந்துவிட்டது. திரைச்சீலை வரவில்லை.

பகல் ஒரு மணிக்கு எத்தியோப்பியாவிலிருந்து காத் என்னும் போதை இலை வந்து இறங்கும். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் வேலை என்று ஒன்று கிடையாது. ஆண்கள் சுவரோரம் சாய்ந்து, கன்னத்தில் இலையை ஒதுக்கிக்கொண்டு, சாயங்காலம்வரை உலகத்தைச் சரிசெய்வோம். ரோப்லேக்கு வயிற்றில் புண். மென்றால் ஓட்டை விழும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எல்லாரும் மெல்லும் அறையில் அவர் மட்டும் பால் தேநீர்க் குடுவையோடு உட்கார்ந்திருப்பார். நாட்டில் மதியத்துக்குப் பிறகு தெளிவாக இருக்கிற ஒரே ஆள்.

அன்று ஹாஜியார் தொடங்கினார்.

“இந்தப் படையெல்லாம் எதுக்குய்யா இங்க உக்காந்திருக்கு? கழுத்து, நீ அவங்களோட பேசறவன், சொல்லு.”

“கொள்ளைக்காரனப் பிடிக்க வந்தாங்க ஹாஜியார்.”

“அவன் எங்க?”

“அவன் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு.”

“அப்ப இவங்க ஏன் போகல?”

“அவன் திரும்பி வர்றப்ப ஒருத்தரும் இல்லன்னா நல்லாருக்குமா?”

“அப்ப பக்கத்து முகாம்காரங்க?”

“உரிமூக்கன் இருக்கான்னு அவங்க இருக்காங்க. அவங்க இருக்காங்கன்னு உரிமூக்கன் இருக்கான்.”

“இதுதான்யா நாலு கல்யாணம்” என்றார் ஹாஜியார். “எவளும் முதல்ல வீட்டை விட்டுப் போக மாட்டா.” பிறகு தங்கப்பல் தெரியாமல் உதட்டை மூடிக்கொண்டு ரோப்லே பக்கம் திரும்பினார். “என்ன பூட்டு, திரை வந்துச்சா?”

அறையில் மெல்லும் சத்தம் நின்றது.

“வந்துச்சே” என்றார் ரோப்லே.

“எப்ப?”

“நேத்து. நாளைக்குக் காயப்போடுவேன். ரோட்டுல போறப்ப பாத்துக்குங்க.”

அவர் பொய் சொல்லிப் பழகாதவர். பொய்க்குக் கால் இல்லை என்றால் நாமே தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் மனைவி கத்ராவின் ஜன்னல்களைப் பார்த்தார்.

கத்ராவின் திரைச்சீலைகள் எங்கள் தெருவில் பேர்போனவை. துபாயிலிருந்து வந்தவை. மஞ்சள் துணி, முறம் அளவு சிவப்பு ரோஜா, ஓரத்தில் தங்கக் குஞ்சம். பத்துத் துண்டு.

“என்னய்யா பண்ற, ஸ்டூல் மேல ஏறி?”

“அழுக்காயிருக்கு. வெளுத்துத் தர்றேன்.”

“முப்பது வருஷமா உன்கூட இருக்கேன். என் துணில ஒரு கைக்குட்டையக்கூட நீ வெளுத்ததில்ல. உண்மையச் சொல்லு.”

சொன்னார். கத்ரா கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, “ஒரு வாரம். அதுக்கு மேல என் ஜன்னல் அம்மணமா நின்னா, அந்தப் படையோட நானே சண்டைக்குப் போவேன்” என்றாள்.

மறுநாள் உரிமூக்கர் முகாமின் சலவை முற்றத்தில், சாலையிலிருந்து தெரியும்படி, இருபது ரோஜாக்கள் காற்றில் ஆடின. ஹாஜியார் காரை நிறுத்தி இறங்கினார். வேலியோரம் நின்று பார்த்தார்.

“பூட்டு. ராணுவத்துல எப்பலேர்ந்து ரோஜாப்பூ?”

“புது கேப்டன் பொம்பள.”

“குஞ்சமுமா?”

“பெரிய இடத்துப் பொம்பள.”

ஹாஜியார் திருப்தியாகப் போனார். ஆனால் ஒரு வாரத்தில் திரைகளைக் கழற்ற முடியவில்லை. கழற்றினால் கேள்வி வரும். ரோப்லே தினமும் அதே பத்துத் திரைகளை நனைத்து, அதே கொடியில் காயப்போட்டார். இவ்வளவு திரை இருக்கிற முகாம் நூறு வருஷத்துக்கு நகராது என்று ஊர் பேசிக்கொண்டது.

சலவை முற்றத்துக்கு அந்தப் பக்கம் மதில். மதிலுக்கு அப்பால் அடுத்த நாட்டு முகாம். அவர்களை நாங்கள் வரிசைக்காரர்கள் என்போம். மூன்று பேர் சிகரெட் பிடிக்க வந்தாலும் வரிசையாக வருவார்கள். மாலையில் கைப்பந்து விளையாடுவார்கள். பந்து வாரத்துக்கு நான்கு முறை மதிலைத் தாண்டி ரோப்லேயின் கல்தொட்டியில் விழும். அவர் திருப்பி எறிவார். போன மாதம் மூன்று பேர் அளவுநாடாவோடு வந்து மதிலின் நீளத்தையும் உயரத்தையும் அளந்துகொண்டு போனார்கள். மேலே வலை கட்டப் போவதாகச் சைகையால் சொன்னார்கள். வலை இன்னும் வரவில்லை. பந்து வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் உரிமூக்கர் நாட்டு நாடாளுமன்றத்திலிருந்து மூன்று பேர் வருவதாகச் செய்தி வந்தது. முகாமை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று நேரில் பார்த்து முடிவு செய்வார்களாம். கமாண்டர் என்னிடம்தான் முதலில் சொன்னார். அவருக்கு இந்த ஊரைப் பிடித்திருந்தது. அவருடைய நாட்டில் வருடத்தில் எட்டு மாதம் இருட்டு.

“உள்ளூர் மக்கள் எங்களை விரும்புகிறார்கள் என்று காட்ட வேண்டும். வாசலில் வரவேற்பு. பகல் ஒரு மணி.”

“ஒரு மணி வேண்டாம், கமாண்டர்.”

“ஏன்?”

“ஒரு மணிக்கு காத் வரும்.”

“பத்து நிமிடம் தாமதமாக வாங்கிக்கொள்ளட்டும்.”

கடலைப் பத்து நிமிடம் தாமதமாக வரச்சொல்லும் ஆளிடம் என்ன பேசுவது? தலைநகரம் நேரத்தை ஒப்புக்கொண்டுவிட்டது என்றார். அதற்குமேல் மொழிபெயர்க்க ஒன்றுமில்லை.

ஹாஜியார் ஊரைத் திரட்டினார். நூற்றைம்பது பேர், ஆளுக்கு இரண்டு கொடி. ஆட்டுக்கறிச் சோறு, சம்பூசா. எல்லாம் முடிந்த பிறகு ரோப்லேயின் வீட்டுக்கு வந்தார்.

“பூட்டு, உன் தங்கச்சி அலி சபியேயில இருக்கால்ல? பாத்து ரொம்ப நாளாச்சில்ல?”

“அவ இங்கதான் இருக்கா. உள்ள வெங்காயம் உரிக்கிறா.”

“அப்ப அவளையும் கூட்டிட்டு அலி சபியேக்குப் போயிட்டு வா. ஒரே ஒரு நாள்.”

“ஹாஜியார், முகாம் மூடுனா உங்களுக்கு ஏழுல ரெண்டு வீடு காலி. எனக்கு இருக்கிறதே ஒரு வேலை. நான் எதுக்கு அதைக் கெடுக்கப்போறேன்?”

“நீ கெடுக்க மாட்ட. உன் ராசி கெடுக்கும். அதுக்கு உன் சம்மதம் தேவையில்லையே.”

கடைசியில் ஓர் உடன்பாடு. ரோப்லே சலவைக்கூடத்தின் பின்னால் இருப்பார். வந்தவர்கள் போகும்வரை தலை நீட்ட மாட்டார். கத்ராவின் மேல் சத்தியம்.

“என் மேல வேணாம்” என்றாள் உள்ளேயிருந்து கத்ரா. “திரைச்சீல மேல பண்ணு. அதான் ஏற்கெனவே போச்சு.”

அந்த நாள் வந்தது. பன்னிரண்டரைக்கு நூற்றைம்பது பேரும் வாசலில். கொடிகள் அழகாக இருந்தன. பன்னிரண்டு ஐம்பதுக்குச் சாலையில் காத் வண்டியின் ஹாரன் கேட்டது. முதலில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். பிறகு பத்துப் பேர். விருந்தினர்களின் வண்டி ஒரு பக்கம் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தபோது ஊர் மறுபக்கம் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. கடைசியாக ஓடியவர் ஹாஜியார். “அஞ்சே நிமிஷம், கழுத்து. நல்ல கட்டெல்லாம் போயிரும். அவங்ககிட்ட வானிலை பத்திப் பேசிட்டிரு” என்றார்.

மூன்று விருந்தினர்கள் இறங்கினார்கள். தலைவி ஒல்லியான பெண்மணி. மூக்கில் வெள்ளைக் களிம்பு, கையில் குறிப்பேடு. காலி வாசலையும் தரையில் கிடந்த முந்நூறு கொடிகளையும் பார்த்தார்.

“மக்கள் எங்கே?”

கமாண்டர் என்னைப் பார்த்தார். நான் வானிலை பற்றிப் பேசினேன்.

தலைவி குறிப்பேட்டில் ஏதோ எழுதி, அடியில் கோடு போட்டார். எனக்குத் தலைகீழாகவும் படிக்கத் தெரியும். *உள்ளூர் ஆதரவு: இல்லை.* பிறகு சமையலறை, ஆயுதக்கிடங்கு, தூங்கும் கூடங்கள். எல்லா இடத்திலும் தலையை ஆட்டினார். கடைசியாக, அட்டவணையில் இல்லாத ஒரு கதவைத் தானே திறந்தார்.

சலவை முற்றத்தில் பத்துத் திரைச்சீலைகள் நடுவில் ரோப்லே நின்றிருந்தார். தலை நீட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்ததால் ஒரு ரோஜாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். கால் தெரிந்தது.

“இவர் யார்?”

“துணி வெளுப்பவர்” என்றேன்.

“ஒருவராவது இருக்கிறாரே. நாங்கள் போய்விட்டால் உங்களுக்கு வருத்தமாக இருக்குமா, கேளுங்கள்.”

கேட்டேன். ரோப்லே ரோஜாவுக்குப் பின்னாலிருந்தே பேசினார்.

“இருக்கும். அவங்க படுக்கை விரிப்பு நல்ல பருத்தி. வேற யார்கிட்டயும் அப்படிக் கிடையாது.”

“நாங்கள் போனால் இந்த இடம் என்னவாகும்?”

“எனக்கென்ன தெரியும்? பக்கத்து முகாம்காரங்களக் கேக்கணும். அவங்கதான் வந்து அளந்துட்டுப் போனாங்க.”

நான் அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. தலைவியின் பேனா நின்றது.

“எதை அளந்தார்கள்?”

“இந்த மதில. நீளம், உயரம் எல்லாம்.”

“எத்தனை பேர்?”

“மூணு பேர். வரிசையா.”

“எப்போது?”

“போன மாசம்.”

மூன்று விருந்தினர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூடுவதைப் பற்றி அவர்களுடைய நாடாளுமன்றம் பேசத் தொடங்கியதும் போன மாதம்தான். எதற்காக அளந்தார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரோப்லே சொல்லியிருப்பார்; மறைக்கத் தெரியாத மனிதர். கேட்காத கேள்விக்குப் பதிலை மொழிபெயர்க்க எனக்குச் சம்பளம் கிடையாது.

புறப்படும்போது தலைவி ரோஜாத் திரையைத் தடவிப் பார்த்தார். “இது என்ன?”

கமாண்டருக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. ஆனாலும் ராணுவத்துக்காரர். “அண்டை மக்களின் அன்பளிப்பு” என்றார்.

தலைவியின் கண் கலங்கிவிட்டது. களிம்பு கரைந்தது. குறிப்பேட்டைத் திறந்து, கோடு போட்ட வரியை அடித்தார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. முகாம் இன்னும் பத்து வருடம் இருக்கும். ஆட்கள் இரண்டு மடங்கு. மதிலின் உயரம் இரண்டு மடங்கு, மேலே காமிரா.

ஊர் ஆடு அறுத்தது. ஹாஜியார் ரோப்லேயைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். “நீ பூட்டு இல்லய்யா, சாவி” என்றார். பதின்மூன்று வருடத்தில் ரோப்லே அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சாவி என்ற பெயரோடு நான்கு நாள் இருந்தார்.

ஐந்தாம் நாள் கடிதம் வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். முகாமின் முக்கியத்துவம் வெகுவாக உயர்ந்திருப்பதால் வெளியாட்கள் உள்ளே வர இனி அனுமதி இல்லை. சலவை இயந்திரங்களும் அவற்றை இயக்க நான்கு வீரர்களும் கப்பலில் வருகிறார்கள். தங்கள் சேவைக்கு நன்றி.

ரோப்லே இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

“அப்ப மூடுற முகாம்லயும் எனக்கு வேலையில்ல. மூடாத முகாம்லயும் வேலையில்ல.”

“ஆமாண்ணே.”

“சரி. திரைச்சீலையாவது குடுக்கச் சொல்லு.”

போனோம். திரைகள் ஆலோசனைக் கூடத்தில், தேசியக் கொடிக்கு இரண்டு பக்கமும் தொங்கின. கீழே ‘அண்டை மக்களின் அன்பளிப்பு’ என்று பித்தளைத் தகடு. தலைநகரத்துச் செய்தித்தாளில் படமும் வந்துவிட்டதாம். கழற்ற வேண்டுமென்றால் அமைச்சகத்துக்கு எழுத வேண்டும் என்றார் கமாண்டர். அவருக்கும் சங்கடம்தான். ஆனால் ரோஜாவை விட்டால் அவர் இருட்டு நாட்டுக்குப் போக வேண்டும்.

மெல்லும் அறையில் ஹாஜியார் சொன்னார்: “பாத்தீங்களா? பூட்டைக் கழட்டுனாங்க, கதவு திறந்தே இருக்கு. நான் அன்னைக்கே சொன்னேன்.” பெயர் பழையபடி ஒட்டிக்கொண்டது.

மதில் உயர்ந்ததில் உண்மையாக மகிழ்ந்தவர்கள் வரிசைக்காரர்களின் கைப்பந்துக் குழுதான். பந்து இனி தாண்டாது. நன்றிக் கடிதம் எழுதினார்கள். ‘உயரத்தைக் கவனித்தோம். இனி எங்களுக்குக் கவலையில்லை.’ இதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். உரிமூக்கர் கமாண்டர் அதை ஐந்து முறை படித்துவிட்டு இன்னும் நான்கு காமிரா கேட்டு எழுதினார். காமிராக்களைப் பார்த்து வரிசைக்காரர்களின் தலைநகரம் பயந்தது. தங்கள் முகாமைப் பெரிதாக்கியது. இருநூறு பேர் வந்திறங்கினார்கள். இருநூறு பேருக்கு அழுக்குத் துணி உண்டு.

ரோப்லே தன் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் நின்றார். தனி ஆளாக இருந்தாலும் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். உள்ளே ஓர் அதிகாரி கேட்டார்: “பக்கத்து முகாமில் படுக்கை விரிப்பு எத்தனை?” ஆள் கணக்கு எடுக்கிறார்கள்.

“துணி வெளுக்கிறவன் ஒருத்தன் அழுக்க இன்னொருத்தன்கிட்ட சொல்லக்கூடாது” என்றார் ரோப்லே.

உடனே வேலை கொடுத்தார்கள். அவர் பட்டப்பெயர் அவர்களுக்குத் தெரியாது. எங்கள் பேச்சை அவர்களுக்கு மொழிபெயர்க்கிறவனும் நான்தான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஹாஜியார் ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு ரோப்லேயின் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். திரையில்லாத ஜன்னலில் வெயில் நேராகக் கண்ணில் அடித்தது.

“பூட்டு, அந்தப் பக்கத்து முகாம் அதிகாரிங்களுக்கும் நான் மூணு வீடு விட்டிருக்கேன்.”

“தெரியும்.”

“ஆட்டை வச்சுக்க. வேலைய விட்டுரு.”

“மாட்டேன்.”

“சரி, போ. ஆனா அங்க திரை வருதா வரலையான்னு என்கிட்ட மட்டும் சொல்லு. முதல்ல என்கிட்ட.”

“பேரைச் சொல்லிக் கேளுங்க, சொல்றேன்.”

ஹாஜியார் நாக்கால் தங்கப்பல்லைத் துழாவினார். பழக்கமில்லாத சொல். “ரோப்லே” என்றார், கசப்பு மாத்திரையை விழுங்குகிறவர்போல.

“வந்துச்சு. முதல் நாளே. அறுபது துண்டு.”

ஹாஜியார் வானத்தைப் பார்த்து இறைவனைப் புகழ்ந்தார். ஆடு தாழ்வான ஜன்னல் வழியாக உள்ளே தலையை நீட்டி, கத்ரா உரித்து வைத்திருந்த வெங்காயத்தைத் தின்னத் தொடங்கியது. கத்ரா அதன் கொம்பைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

“எல்லாப் படையும் இங்கதான் இருக்கு” என்றாள். “என் ஜன்னல்ல ஒரு ஆட்டைத் தடுக்க நாதியில்ல.”